மானியம் எதை வாங்குகிறது? யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளும் சொட்டு நீர்ப்பாசன நிதியும்

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பில் அது பெரும்பாலும் மீனவர்களின் துயரமாகவே பேசப்பட்டது. யாழ்ப்பாணத்தின் செம்மண் தோட்டங்களிலும் அதே விலையேற்றம் இறங்கியது. அங்கே அதற்குப் பெயர் இறைப்புச் செலவு. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடும் சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களை நம்பியே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள் அவை. மின் மோட்டர் இருந்த தோட்டக்காரர் ஓரளவு தப்பினார். மற்றவர்கள் ஒவ்வோர் இறைப்புக்கும் மனக்கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

அந்தக் கணக்கு ஒரு பழைய கேள்வியை மீண்டும் முன்னே கொண்டுவந்தது. சொட்டு நீர், தூவல், மழைக்குழாய் என நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சும் முறைகளுக்குப் பொதுப்பணம் செலவிட வேண்டுமா? வேண்டுமென்றால் எதற்காக? வழக்கமாகக் கிடைக்கும் விடை எளியது: வரண்ட வலயத்தில் நீர் குறைவு, சொட்டு நீர் நீரைச் சேமிக்கும், விவசாயியிடம் முதல் இல்லை, ஆகவே அரசு மானியம் தர வேண்டும். இதன் ஒவ்வொரு படியும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது படியில் ஓர் ஓட்டை இருப்பதை நீரியல் ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சுட்டி வருகிறார்கள். அந்த விமர்சனத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரோடு வைத்துப் பார்த்தால், மானியத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. அது திட்ட ஆவணங்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயமாக இருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பணம் வரும் வழிகள்

இலங்கையின் வரண்ட வலய நீர்ப்பாசனத்துக்கு அண்மைக் காலத்தில் வந்த பெரிய நிதிகள் அனேகமாக வெளியிலிருந்தே வந்தன. 2016இல் பசுமைக் காலநிலை நிதியம் சுமார் 38 மில்லியன் டொலர் நன்கொடையை அங்கீகரித்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக வந்த அந்தப் பணம் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளின் சிறு குளத் தொடர்களைப் புனரமைப்பதை மையமாகக் கொண்டது. அதே ஆண்டு உலக வங்கி 125 மில்லியன் டொலர் கடனோடு விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயக் குழுக்களுக்கு நவீன உபகரணங்களையும், தொழில் முனைவோருக்கு அவர்களும் பங்குபோட்டால் கிடைக்கும் இணை மானியத்தையும் அது வழங்கியது. 2019இல் காலநிலைக்கு ஏற்ற நீர்ப்பாசன விவசாயத் திட்டத்துக்கு உலக வங்கியிடமிருந்து இன்னொரு 125 மில்லியன் வந்தது. அதன் 11 மாவட்டங்களில் வடக்கிலிருந்து இடம்பெற்றவை கிளிநொச்சியும் முல்லைத்தீவும். குளமும் வாய்க்காலும் உள்ள இடத்துக்கே பெரிய நீர்ப்பாசன நிதி இலகுவாகப் போய்ச் சேர்கிறது. குளத்தைப் புனரமைத்தால் திறப்பு விழா வைக்கலாம். கிணற்றுக்குள் நடப்பதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

கிணறுகளுக்கென்று வந்த உள்நாட்டு மானியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989இல் தொடங்கி வடமத்திய மாகாணத்தில் அரசு உதவியோடு அகன்ற விவசாயக் கிணறுகள் வெட்டப்பட்டன. கடும்பாறைக்கு மேலுள்ள மெல்லிய சிதைவுப் படையில்தான் அங்கே நீர் தங்குகிறது. அந்தப் படை தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் கிணறுகளை நெருக்கினால் ஒன்றின் நீரை மற்றொன்று உறிஞ்சும் என்று மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்க எச்சரித்தார். கிணறுகளும் இயந்திரங்களும் எவ்வளவு வேகமாகப் பரவின என்பதைச் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2003இல் ஓர் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. நீரை எடுப்பதற்கு மானியம் கொடுத்த அரசுக்கு, எடுத்த நீரை அளக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கதை வேறு. தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனம் அமைக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. 2015இல் வந்த பிரதமரின் நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் மத்திய, மாநில அரசுகள் அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டன. மாநிலங்கள் கூடுதல் பணம் திரட்ட உதவுவதற்காக நபார்டு வங்கியில் 5,000 கோடி ரூபா நிதியமும் ஏற்படுத்தப்பட்டது. இலங்கை விவசாய அமைப்புகள் பொறாமையோடு சுட்டிக்காட்டும் மாதிரி இது. ஆனால் அதே தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். மோட்டர் ஓடுவதற்குச் செலவே இல்லாத இடத்தில் ஒரு விவசாயி நீரைக் குறைத்து இறைக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்? ஒரு கையால் இறைப்புக்கும் மறுகையால் சிக்கனத்துக்கும் ஒரே அரசு பணம் கொடுக்கிறது.

சேமிப்பு என்ற கணக்கு

சொட்டு நீர் நீரைச் சேமிக்கிறதா என்ற ஐயத்தை உலக அளவில் கிளப்பிய எழுத்துகளில் ஒன்று கொழும்பிலிருந்தே வெளிவந்தது. மேலே சொன்ன, அன்று சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய, அதே நிறுவனத்தின் தலைவர் டேவிட் செக்லர், 1996இல் அதன் முதலாவது ஆய்வறிக்கையை எழுதினார். செக்லரின் வாதம் சுருக்கமானது. வயலில் “வீணாகும்” நீர் எல்லாம் மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி நிலத்துக்குள் வடிந்து பக்கத்துக் கிணற்றுக்கோ கீழ்வயலுக்கோ போகிறது. அந்த வடிநீரைத் தடுத்துவிட்டு அதைச் சேமிப்பு என்று எழுதினால், ஒருவருடைய வரவு இன்னொருவருடைய செலவாகிறது. பயிர் உறிஞ்சி ஆவியாக்கும் நீரையும், மண் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகும் நீரையும், கடலில் சேரும் நீரையும் குறைத்தால்தான் படுகைக்கு உண்மையில் மிச்சம்.

பின்னர் வந்த ஆய்வுகள் இதை மேலும் கூர்மையாக்கின. அமெரிக்காவின் ரியோ கிராண்ட் மேல்படுகையை ஆராய்ந்த வார்டும் புலிடோ-வெலாஸ்கெஸும் 2008இல், சொட்டு நீருக்கான மானியம் மொத்த நீர்ப் பயன்பாட்டைக் கூட்டவும் செய்யலாம் என்று காட்டினர். கன்சாஸ் மாநிலத்தில் திறன்மிக்க தூவல் முனைகளுக்கு மானியம் பெற்ற விவசாயிகள் முன்பைவிட அதிக நிலத்தடி நீரை எடுத்ததை ஃபைஃபரும் லின்னும் 2014இல் பதிவு செய்தனர். கூடுதல் நீர் வேண்டிநிற்கும் பயிர்களுக்கு அவர்கள் மாறியது அதற்கு ஒரு காரணம். 2008க்குப் பின் 80 முதல் 100 சதவீதம் வரை மானியம் கொடுத்த மொரோக்கோவிலும் இதே விவாதம் எழுந்தது. 2018இல் கிராஃப்டனும் பிறரும் ‘சயன்ஸ்’ இதழில் இதை நீர்ப்பாசனத் திறனின் முரண் என்று அழைத்தனர்.

ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே எடுத்துவந்து யாழ்ப்பாணத்தில் வைப்பதும் சோம்பல்தான். கன்சாஸிலும் மொரோக்கோவிலும் மிச்சமான நீர் புதிய நிலத்துக்கோ புதிய பயிருக்கோ போனது. குடாநாட்டின் வலிகாமத்தில் புதிய நிலம் எங்கே? பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர் என்ற கணக்கில் வாழும் ஊர்கள் அவை. நான்கு பரப்பு இங்கே, இரண்டு பரப்பு அங்கே என்று சிதறிய துண்டுகளில் ஏற்கெனவே வருடத்துக்கு இரண்டு, மூன்று பயிர் நடக்கிறது. விரிவடைய இடம் உள்ளது வன்னியில். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சொட்டு நீர்க் குழாய் கொடுத்தால், மிச்சமாகும் நீர் அடுத்த துண்டுக் காணிக்குப் போகும் வாய்ப்பு மிகுதி. அங்கே பெரும் பகுதியில் நிலத்தடியில் இருப்பதும் கடும்பாறைப் படைதான். பானபொக்கவின் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். ஒரே மானியம் ஒரே மாகாணத்தின் இரு பகுதிகளில் எதிரெதிர் விளைவுகளைத் தரக்கூடும்.

சுண்ணக்கல் சொல்வது

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் நீர் வரவில் பெரும்பங்கு. அது மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள கடல்நீருக்கு மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பழைய விதி. அந்த விதியின் மறுபக்கம் பயங்கரமானது: மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏற முயலும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அந்த ஏற்பாட்டின் கண்கூடான சான்று.

இந்தக் கல்லில் செக்லரின் வாதம் அச்சொட்டாகப் பொருந்துகிறது. பாத்தி கட்டி வாய்க்காலில் பாய்ச்சும் தோட்டத்தில் பயிருக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் போன நீர், செம்மண்ணைக் கடந்து அதே வில்லைக்கே திரும்புகிறது. ஆகவே ‘சொட்டு நீரால் இத்தனை சதவீதம் நீர் மிச்சம்’ என்ற விளம்பரக் கணக்கு இங்கே பெருமளவு தாள் சேமிப்புத்தான். ஆவியாதல் குறைவதால் வரும் மிச்சம் உண்மையானது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

எனினும் திரும்பிப் போகும் நீர் தனியே போவதில்லை. யூரியாவையும் கூட்டிச் செல்கிறது. இதுதான் யாழ்ப்பாணத்தின் தனிச் சிக்கல். 1983இலேயே மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்று அளவைப் பதிவு செய்தார்கள். செறிவாகத் தோட்டம் செய்யும் பகுதிகளில் அது குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருந்தது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் அளவு. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் கெடாமல் காப்பதற்காக வகுக்கப்பட்ட எல்லை அது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் தோட்டச் செறிவுக்கும் நைத்திரேற்றுக்கும் உள்ள தொடர்பைத் திரும்பத் திரும்பக் கண்டன. கற்பிட்டியின் மணல் தோட்டங்களிலும் இதே கதை. அங்கே நீர் மணலில் நிற்காததால் தூவல் முறை நன்றாகவே பரவியிருக்கிறது. உரமும் தாராளமாகவே விழுகிறது. கருவி மாறினால் மட்டும் நைத்திரேற்று குறைந்துவிடாது என்பதற்குக் கற்பிட்டி ஓர் எச்சரிக்கை.

எதிர்வாதங்களும் உண்டு. குடாநாட்டின் நைத்திரேற்று முழுவதும் தோட்டத்திலிருந்து வருவதில்லை. கிணற்றுக்கு அருகே வெட்டப்படும் மலக்குழிகளுக்கும் அதில் பங்குண்டு. மண்ணில் தங்கிய உரத்தைப் பெரும்போக மழையும் ஒரே மூச்சில் கழுவிக் கொண்டுபோகும். கோடையில் சொட்டு சொட்டாக விட்டதால் அது தடுக்கப்படாது. இரண்டும் சரியானவை. ஆனாலும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில், உரத்தைப் பாசன நீரோடு கலந்து வேரடியில் சிறிது சிறிதாகக் கொடுத்தால் வடிந்துபோகும் பங்கு குறையும். இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கிணற்றைக் குறுகிய நேரத்தில் இறக்கும் பழக்கமும் குறையும். உப்பு மேலேறுவதைத் தூண்டுவது பெரும்பாலும் அந்தத் திடீர் இறக்கமே. நீரின் அளவுக் கணக்கில் தோற்றுப்போகும் சொட்டு நீர், நீரின் தரக் கணக்கில் வெல்லக்கூடிய இடம் இது.

மானியமா, கடனா

அளவுக்கும் தரத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு நிதி வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். சொட்டு நீரால் விவசாயிக்கு நேரடியாகக் கிடைப்பவை மண்ணெண்ணெய் மிச்சம், கூலி மிச்சம், களை குறைவு, சில பயிர்களில் கூடிய விளைச்சல். இவை தனியார் இலாபங்கள். மண்ணெண்ணெய் 340 ரூபாவாக இருந்த நாட்டில் இவற்றுக்காக முழு மானியம் கொடுப்பதற்கு வலுவான காரணம் இல்லை. இலகு தவணைக் கடன் போதும். விலையே மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கும். சுன்னாகத்திலோ கோப்பாயிலோ குடிக்கும் நீரில் நைத்திரேற்று குறைவதால் வரும் நன்மை அப்படிப்பட்டதல்ல. அது ஊருக்கு. தோட்டக்காரர் ஒருவர் உரத்தைக் குறைத்தால் அதன் பலனை அடுத்த வளவில் குடிப்பவர் பெறுகிறார். தோட்டக்காரருக்கு அதற்காக எவரும் ஒரு சதமும் தருவதில்லை. பொதுப்பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

அந்த நன்மையின் பெறுமதியை ஊகிக்க ஓர் ஒப்பீடு கைவசம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குடிக்க இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் நெல்வயல் காயும் என்ற அவர்களுடைய அச்சத்தை வெறும் பிரதேசவாதம் என்று தள்ளிவிட முடியாது. முடிவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்து, 2024இல் திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே நன்னீர் வில்லை மிதக்கும் ஒரு நிலத்தில் குடிநீருக்காகக் கடலை வடிகட்ட வேண்டியிருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்ததும், 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு விதித்ததும் அதே வில்லையின் கதைதான். நிலத்தடி நீரைக் கெடவிட்டு மாற்று நீர் தேடுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை, கெடாமல் காப்பவர்களுக்குக் கொடுப்பதே மலிவு என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் உறைக்கும்.

விளைவுக்குப் பணம் கொடுக்கும் மாதிரிகள் வெளியே உண்டு. பஞ்சாப் அரசு 2018இல் தொடங்கிய ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தில், ஒதுக்கிய அளவுக்குக் குறைவாக மின்சாரம் பயன்படுத்திய விவசாயிக்கு மிச்சமான ஒவ்வோர் அலகுக்கும் 4 ரூபா கொடுத்தது. அவுஸ்திரேலியாவின் மறே-டார்லிங் படுகையில் பண்ணைக் கருவிகளுக்கு அரசு பணம் கொடுத்தபோது, மிச்சமான நீருரிமையின் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இலங்கையில் இரண்டாவது வழி அடைபட்டுக் கிடக்கிறது. 1984இல் தொடங்கிய, பாசன நீருக்குக் கட்டணம் அறவிடும் முயற்சி சில ஆண்டுகளில் செயலிழந்தது. 2000இல் நீருரிமைகளை வரையறுக்க முனைந்த தேசிய நீர்க் கொள்கை, ‘தண்ணீருக்கு வரி’ என்ற எதிர்ப்பில் கைவிடப்பட்டது. கொழும்பை அடுத்த தெஹிவளையில் ஒரு குடும்பம் குளிக்கும் நீர் அலகு அலகாக மானியில் ஏறிப் பட்டியலில் வருகிறது. தோட்டக் கிணற்றுக்கு மானியும் இல்லை, பட்டியலும் இல்லை. அதை மாற்றும் அரசியல் துணிவு எந்தக் கட்சியிடமும் தென்படவில்லை.

ஆகவே எஞ்சுவது, அளக்க முடிந்ததை அளந்து பணம் கொடுப்பது. எத்தனை லீற்றர் இறைத்தார் என்பதைக் கண்காணிப்பது கடினம். ஊர்க் கிணறுகளின் நைத்திரேற்றையும் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அளப்பது கடினமல்ல. நீர்வள சபையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் செய்யக்கூடிய வேலை அது. உரக் கரைசல் தொட்டியும் வடிகட்டியும் பயிற்சியும் அடங்கிய பொதிக்கு மானியம் கொடுத்து, வெறும் குழாயைக் கடனுக்கு விடலாம். சுண்ணக்கல் நீர் கடினமானது. கல்சியம் காபனேற்று சில பருவங்களிலேயே சொட்டு முனைகளை அடைத்துவிடும். அமிலம் விட்டுக் கழுவத் தெரியாத தோட்டத்தில் மானியக் குழாய் வேலியோரத்தில் சுருண்டு கிடப்பதற்கு விவசாயியின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது அநியாயம்.

பங்குக் கிணறும் குத்தகைத் தறையும்

திட்ட வரைவுகள் மறைவாக எடுத்துக்கொள்ளும் ஓர் அனுமானம் உண்டு: ஒரு விவசாயி, ஒரு கிணறு, ஒரு துண்டு நிலம். குடாநாட்டுத் தோட்டங்களில் கிணறு பலருக்குப் பங்கு. உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். இறைப்பு முறை வைத்து நடக்கும். முறை வரும் நாளில் நிறைய இறைத்து நிலத்தை நனைத்துவிட வேண்டும். அடுத்த முறைக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். சொட்டு நீருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: தினமும் கொஞ்சம். பங்காளிகள் சேர்ந்து ஓர் உயரத் தொட்டியோ பொது இணைப்போ வைக்காமல் ஒருவர் மட்டும் குழாய் போட முடியாது. விண்ணப்பப் படிவத்திலோ ஒருவர் கையெழுத்துக்கே இடம் இருக்கும்.

பயிரும் சிக்கல்தான். நீர்வேலி வாழைக்கும் திராட்சைப் பந்தலுக்கும் பப்பாசிக்கும் சொட்டு நீர் இயல்பாகப் பொருந்தும். பாத்தியில் நெருக்கி நடும் சின்ன வெங்காயத்துக்குப் பொருந்தாது. தூவலும் மழைக்குழாயும்தான் சரி. வெங்காயமும் மிளகாயும் 1970களின் இறக்குமதித் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பணம் கொண்டுவந்தவை. 1977க்குப் பின் சந்தை திறந்தபோது முதலில் அடிபட்டவையும் அவைதான். அறுவடை நேரத்தில் இந்திய வெங்காயக் கப்பல் வந்தால் விலை சரியும் என்ற பயம் உள்ள தோட்டக்காரர் ஐந்தாண்டுக் கடனுக்குக் கையெழுத்து வைக்கத் தயங்குவதில் வியப்பில்லை. நீர்ப்பாசன நிதியின் எந்த வடிவமும் இறக்குமதித் தீர்வைக் கொள்கையோடு சேர்த்தே அவருக்குப் பொருள்படும்.

காணி யாருடையது என்பது இன்னும் கடினமான கேள்வி. 1990க்குப் பின் வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன செம்மண் நிலங்களில் ஒரு பகுதி பல கட்டங்களாக விடுவிக்கப்பட்டது, எல்லாம் இல்லை. வெளிநாடு போனவர்களின் தறைகளை ஊரில் இருப்பவர்கள் குத்தகைக்குச் செய்கிறார்கள். உறுதி வெளிநாட்டில் ஓர் அலுமாரியில் இருக்க, மண்வெட்டி உரும்பிராயில் இருக்கிறது. உறுதி கேட்கும் மானியம் குத்தகைக்காரரைத் தொடாது. குத்தகைக்காரரும் அடுத்த வருடம் தன்னுடையதா என்று தெரியாத நிலத்தில் குழாய் புதைக்க மாட்டார். மேலாக விரித்து, பயிர் முடிந்ததும் சுருட்டி எடுத்துப் போகக்கூடிய மழைக்குழாயும், இடம் மாற்றக்கூடிய வடிகட்டியும் உரத் தொட்டியும்தான் அவருக்கு உதவும். அப்படியானால் மானியப் பதிவும் காணி உறுதியை விட்டுவிட்டு, பயிர் செய்பவரின் பெயரில் கமநல சேவை நிலையத்தில் இருக்க வேண்டும். பங்குக் கிணறாக இருந்தால் பங்காளிகள் எல்லோருடைய பெயரிலும்.